ஈசானிய மூலைக்காரர்

செல்போனைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஒரு மனிதர் நம் வீட்டு வாசலில் நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினால் என்ன நினைப்போம்? பாவம், தலைசுற்றல் என்று நினைத்துத்தான் நான் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். தண்ணீரை வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"தங்கச்சி, ஒங்க ஈசானிய மூலையில செருப்பு கெடக்குது. அதான் ஒன் வீட்டுக்காரருக்கு லாரி அடிக்கடி படுத்துக்குது."

லாரி படுத்துக்கொண்டது லாரி பழசு என்பதால். எங்கள் ஊர் பீடோங்கில் ஸ்பேனர் பிடித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்கே செருப்பு ஸ்டாண்டைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார். அடுத்த வாரமே லாரி மறுபடியும் நடுரோட்டில் நின்றது. அந்த மனிதரிடமே போய்ச் சொன்னோம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். எதை எப்போது சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் லோரோங்கில், மலாயில் தெருவுக்கு அதுதான் பெயர், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வாஸ்து அண்ணன், அவ்வளவுதான். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, மற்றவர்கள் செய்த பொருளைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, 'ரிஜெக்ட்' என்று ஓரமாகத் தள்ளும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு தள்ளுவதற்குப் பொருள் இல்லாமல் கை அரித்ததில் எங்கள் வீடுகளைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். வீட்டைத் தள்ளினாரே, அதோடு நின்றிருக்கலாம். அவர் மனைவியை அவருடைய மூலைகளிடமிருந்து காப்பாற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

அவர் மனைவி எங்களுக்கெல்லாம் அக்கா. பிள்ளை குட்டி இல்லை. எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய குடும்பம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சுவர்மேல் தேத்தண்ணி இருக்கும். என் அம்மாகூட எனக்கு அப்படித் தந்ததில்லை. அக்கா சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. வீட்டில் சத்தம் போடுகிற வேலையை அண்ணன் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

எங்கள் லோரோங்கில் எல்லா வீடும் ஒரே வரிசை, ஒரே முகம், ஒரே அளவு. ஒருவருக்கு வடகிழக்கு எதுவோ அதுதான் எல்லாருக்கும் வடகிழக்கு. இது நர்சரிப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அண்ணனின் செல்போன் திசைகாட்டி இரும்புக் கேட் பக்கத்தில் ஒன்றைக் காட்டும், கார் பக்கத்தில் இன்னொன்றைக் காட்டும். அதனால் எனக்கு ஈசானிய மூலை வாசலில் வந்தது; பக்கத்து வீட்டுக்குச் சமையலறையில் வந்தது; கடைசி வீட்டுக்குக் கழிவறையில் வந்து அந்தக் குடும்பமே ஒரு வாரம் சோகத்தில் இருந்தது. "எப்படிண்ணே ஒரே வரிசையில மூல மட்டும் மாறும்?" என்று கேட்டேன். "அது அவங்கவங்க கர்மாம்மா" என்றார். ஃபேக்டரியில் எத்தனை நல்ல பொருள் குப்பைக்குப் போனதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். உருளி வந்ததும் சிரிப்பு நின்றது.

உருளி என்றால் வாய் அகன்ற பித்தளைப் பாத்திரம். அதில் தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்கவிட்டு வாசலில் வைப்பது. எங்கோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் லட்சுமி தங்குவாள் என்று ஆரம்பித்தார். எங்கள் ஆட்களிடம் லட்சுமி என்று சொன்னால் போதாதா? சுங்கைப் பட்டாணி பூஜைச் சாமான் கடையில் உருளி தீர்ந்துபோனது. உருளி கிடைக்காதவர்கள் செம்பு, குடம், பிளாஸ்டிக் பேசின் என்று வைத்தார்கள். அண்ணன் வீட்டில் மட்டும் வாசலில் பெரியது, கூடத்தில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று.

இதிலே ஒரு சட்டம் வேறு போட்டார். பூவைத் தினமும் மாற்றலாம், தண்ணீரை மாற்றக்கூடாது. குறைந்தால் மேலே ஊற்றி நிரப்ப வேண்டும். கொட்டினால் வந்த லட்சுமியைக் கொட்டியது மாதிரி. கவிழ்த்து வைத்தாலோ, கேட்கவே வேண்டாம், சாவு வீட்டு அறிகுறி. காலையும் மாலையும் ஊற்றி நிரப்புகிற வேலை யாருக்கு? அக்காவுக்கு. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங் போதும்" என்று மேற்பார்வை பார்ப்பார்.

"எஸ்டேட்டுல பால் எடுக்காத மரத்துல மங்கைக் கவுத்துல்ல வைப்போம்" என்று அக்கா ஒரு நாள் சுவர்மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். மங்கு என்பது பால் பிடிக்கிற கிண்ணம்; கிராணி என்பவர் எஸ்டேட்டில் மேற்பார்வை பார்க்கிறவர். "மழத்தண்ணி நின்னா கொசு மொய்க்கும்னு கிராணி கத்துவாரு. இங்க கவுத்தா குடும்பத்துக்கு ஆகாதாம். எதைத்தான் கேக்குறது, சொல்லு?" தோள் குலுங்கியது.

கொசுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாக்கடைத் தண்ணீரைத் தேடுகிற கொசு வேறு சாதி. டிங்கிக் காய்ச்சலை, அதாவது டெங்குவை, பரப்பும் கொசுவுக்கு நல்ல தண்ணீர், ஆடாமல் அசையாமல், நிழலில் இருக்க வேண்டும். எங்கள் லோரோங்கே அதற்கு வீட்டுக்கு வீடு பித்தளைத் தொட்டில் கட்டிக் கொடுத்து, பூவும் போட்டு வைத்தது.

முதலில் கடைசி வீட்டில் காய்ச்சல். பிறகு எதிர்வரிசையில். ஒரு வீட்டில் குடும்பமே ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்தது. அந்த முதல் சுற்றிலேயே அக்காவுக்கும் வந்து, லேசாக வந்ததால் தப்பினார். அடுத்த தடவை வந்தால் பொல்லாதது, கவனம் என்று அரசாங்க கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். "இன்னொரு தடவ எப்படி வரும்? அதான் வாசல் மணிய மாத்திட்டேனே" என்றார் அண்ணன்.

ஒலிபெருக்கி கட்டிய வண்டி மலாயிலும் தமிழிலும் கத்திக்கொண்டு போனது: தண்ணீரைக் கொட்டுங்கள், பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கவிழ்த்து வையுங்கள். அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "பாரு, சாக்கடைய ஒழுங்கா பாத்துக்கங்கன்னு சொல்றான்" என்றார். எனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

புகையடிக்க வருவார்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். புகை தெற்கிலிருந்து வருகிறது, யமன் திசை, அடைத்து வையுங்கள் என்று அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அடைத்தார்கள். புகை ரோட்டில் வீணாய்ப் போனது. லோரோங்கில் இரண்டு பூனையும் என் துவைத்த துணியும்தான் மருந்து வாங்கிக்கொண்டன.

சுகாதார இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்த பெண் டார்ச் அடித்து, வாசல் உருளிக்குள் குனிந்து பார்த்தாள். சின்னப் பெண், தலையில் முக்காடு, கையில் அகப்பை. அண்ணன் குறுக்கே நின்று, "இனி ஆயிர் சுச்சி, சிக்" என்றார். புனிதத் தண்ணீராம். அந்தப் பெண் முகத்தில் சிரிப்பே இல்லை. "நியாமுக் தக் தாவு சுச்சி தக் சுச்சி, பக்சிக்" என்றாள். கொசுவுக்குப் புனிதம் தெரியாது மாமா என்று அர்த்தம். அகப்பையில் நெளிந்த கொசுப்புழுவை அவருக்கு நேராக நீட்டிக் காட்டினாள். அபராதச் சம்மன் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் சாதாரண மனிதனுக்குப் புத்தி வந்திருக்கும். அண்ணனுக்கு யோசனை வந்தது. வாசலில் வைத்தால்தானே சம்மன்? எல்லாரும் உருளியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோங்கள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள், உள்ளே இருந்தால் லட்சுமி இன்னும் நெருக்கம் என்றார். கொசு கடிக்க வருவதற்குப் பட்ட சிரமமும் தீர்ந்தது.

எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒன்று வந்து உட்கார்ந்தது, என் வீட்டுக்காரர் உபயம். அந்த மாதமே எனக்குக் காய்ச்சல். எலும்பை யாரோ உள்ளேயிருந்து திருகுகிற மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணனும் அக்காவும் பார்க்க வந்தார்கள். அக்கா என் காலைப் பிடித்துவிட்டார். அண்ணன் செல்போனை எடுத்துத் தட்டாக ஏந்தி, கட்டிலைச் சுற்றி வந்து, "தல வடக்க இருக்கு. திருப்புங்க சிஸ்டர்" என்றார். அந்த நர்ஸ் தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், கட்டிலு சொவத்தோட மாட்டிருக்கு. ஒங்களத்தான் திருப்ப முடியும், கதவு அந்தப் பக்கம்" என்றாள். அவளுக்குக் கோயில் கட்டலாம்.

நான் கிளம்பும்போது அந்த நர்ஸ் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டிங்கில சூடு எறங்கிருச்சேன்னு சந்தோஷப்படாதீங்கக்கா. எறங்குற நேரந்தான் ஆபத்து. வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு போச்சுன்னா ஒடனே ஓடி வந்துரணும். எல்லாருக்கும் சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நின்ற இருவருக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார். அண்ணன், "நீ பொழச்சதே கட்டிலுக்கு அடியில உருளி இருந்ததாலதான். நான் அப்பவே சொன்னேன்" என்றார். உள்ளே போய் அந்த உருளியைத் தூக்கி வந்து, அவர் கண்முன்னாலேயே சாக்கடையில் கொட்டிக் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"அக்கா, அவரு தூங்கும்போது நீங்களும் கொட்டிருங்க" என்றேன்.

"கொட்டிட்டு மறுபடி ஊத்தி வச்சாலும் கண்டுபுடிச்சிருவாரும்மா. விரலை விட்டுப் பாப்பாரு. பழைய தண்ணி வழவழன்னு இருக்குமாம்." இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது.

கிளினிக்கில் டிங்கி என்றே சொல்லிவிட்டார்கள். தினமும் வந்து ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அண்ணனும் ஒழுங்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார். அந்த மட்டில் குறை சொல்ல முடியாது. நானும் வேலைக்குப் போகுமுன் எட்டிப் பார்ப்பேன், வந்ததும் எட்டிப் பார்ப்பேன். அக்காவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "சூடு விட்டாத்தான் ஜாக்கிரதையா இருக்கணும், மறந்துராதீங்கண்ணே" என்று போகும்போதும் வரும்போதும் சொன்னேன். "தெரியும், தெரியும்" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன், சுவர்மேல் தேத்தண்ணி இருந்த இடத்தில் ஒரு டப்பா. திறந்தால் கேசரி. நெய் மணக்க, முந்திரி போட்ட கேசரி. லோரோங்கில் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. அண்ணன் வாசலில் புதுச் சட்டை போட்டு நிற்கிறார்.

"சூடு சுத்தமா விட்ருச்சும்மா! காலையில பெரிய உருளிய கட்டிலுக்கு அடியிலேருந்து தூக்கி பூஜ ரூம்பு மூலையில வச்சேன். பத்து மணிக்குத் தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருக்கா. நான் அப்பவே சொன்னேன்ல, எடத்த மாத்துனா எல்லாம் மாறும்னு."

"இன்னிக்கு ரத்தம் செக் பண்ணியாச்சா?"

"காய்ச்ச விட்ட பொம்பளைக்கு எதுக்கு லா சும்மா சும்மா ரத்தத்த உறிஞ்சிக்கிட்டு?"

டப்பாவை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. உள்ளே ஓடினேன். அக்கா சுருண்டு படுத்திருந்தார். கையைப் பிடித்தால் ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. தலையணைப் பக்கத்தில் வாந்தி. கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார்.

"அக்கா, வயிறு வலிக்குதா?"

"காலையிலேருந்து..." என்றார். "அவர்ட்ட சொன்னேன். கேசரி ரெண்டு வாய் சாப்புடு, சரியாயிரும்னாரு."

நான் போட்ட சத்தத்தில் லோரோங்கே கூடிவிட்டது. அண்ணன், "கத்தாதம்மா, நோயாளி வீட்ல கத்தக்கூடாது" என்றார். கத்தக்கூடாதாம்! யாரோ காரை எடுத்தார்கள். அக்காவைத் தூக்கி ஏற்றினோம். சுங்கைப் பட்டாணி போய்ச் சேரும்வரை அக்காவின் கை என் கைக்குள் சூடாகவே இல்லை. தேய்த்துக்கொண்டே போனேன், தேய்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் எப்போது விட்டது, எப்போது வலி தொடங்கியது, ஏன் காலையிலேயே கொண்டுவரவில்லை என்று மலாயில் கேட்டார்கள். அண்ணன் செல்போனை வெளியே எடுத்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை என்று யாரோ முனகினார்கள். நான் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த ஊரில் எந்த வழக்கத்தை நம்பி என்ன கண்டோம்?

பிள்ளை இல்லாததால் அண்ணன்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஈரவேட்டியோடு தோளில் மண்குடத்தை ஏற்றினார்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒரு சுற்று வந்ததும் பண்டாரம் அரிவாள் முனையால் குடத்தில் ஒரு பொத்தல் போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அண்ணன் சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பொத்தலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்கண்ணே" என்றார் பண்டாரம்.

எடுக்கவில்லை. விரல் இடுக்கில் தண்ணீர் வழிகிறது. இன்னும் இறுக்கிப் பொத்துகிறார்.

"தண்ணி போவணும்ணே. அதான் மொற. கைய எடுங்க."

என் வீட்டுக்காரர்தான் போய் அவர் கையை மெல்லப் பிரித்து எடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அண்ணன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபத்தோடுதான் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூடத்தில் அக்காவின் படம், மாலை, குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால் பெரிய உருளி. அதில் அக்காவுக்குப் பிடித்த மல்லிகை மிதந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் பூவை ஒதுக்கிப் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாக, கமா போட்ட மாதிரி, நெளிந்துகொண்டிருந்தன.

அப்படியே இரண்டு கையாலும் தூக்கினேன். சடங்கு வீடு, நாலு பேர் பார்க்கிறார்கள், எதுவும் தோன்றவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கொட்டினேன்.

பின்னாலேயே அண்ணன் வந்தார். மழிக்காத தாடி, ஆள் பாதியாகியிருந்தார். "கொட்டுனது கொட்டிட்ட. கவுத்து மட்டும் வைக்காதம்மா. வீட்டுக்கு ஆகாது" என்றார்.

"இனிமே ஆகாததுன்னு இந்த வீட்ல என்னண்ணே பாக்கி இருக்கு?"

அவர் உள்ளே போனார். போனவர் கூடத்து உருளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். மறுபடி போய்ப் படுக்கையறை உருளியைக் கொண்டுவந்தார். பிறகு பூஜை அறையில் இருந்ததையும். ஒவ்வொன்றும் நிறைய இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தார். அக்கா இத்தனை நாள் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். கவிழ்க்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகக் கொட்டிக் கவிழ்த்தேன்.

எல்லாம் முடிந்து, கவிழ்த்து வைத்த பித்தளை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது. வரப்போகிறது, அந்தப் பழைய பாட்டு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா" என்றார்.

அடப்பாவி மனுஷா என்று தொண்டைவரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நானாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பவர் மாதிரி. பிறகு அவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தம்பியோடு இருக்கக் கூலிமுக்குப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு குடும்பம். ஆனாலும் அந்த முகம் என்னைவிட்டுப் போகவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை என்று உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.